ஆட்டோவா, ஃபோட்டோவா? தென்னாப்பிரிக்க வீட்டுத் தோட்டத்தில் கஞ்சாச் செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா வரை, விதை வாங்குவதற்கு முன்னும் செடி வாடிய பின்னும் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறது. ஆட்டோ (ஆட்டோஃபிளவர்), ஃபோட்டோ (ஃபோட்டோபீரியட்) என்பவை கஞ்சாச் செடியின் இரண்டு ரகங்கள். வேறு ஊர் சொல்லாத இடங்களில் தேதியும் பகல் நேரமும் டர்பன் கணக்கு. பெரியவர்கள், தங்கள் சொந்த உபயோகத்துக்கு, தங்கள் வீட்டில் வளர்ப்பதைப் பற்றி மட்டுமே இங்கே பேச்சு.

ஆட்டோ, ஃபோட்டோன்னு சொல்றாங்களே, அடிப்படையில என்னதான் வித்தியாசம்?

எப்போது பூப்பது என்பதை அந்தச் செடி எதை வைத்துத் தீர்மானிக்கிறது என்பதுதான் வித்தியாசம். ஃபோட்டோ இரவின் நீளத்தைப் பார்க்கும். இரவு குறுகி இருக்கும்வரை இலையும் கிளையும் மட்டும் விடும். தொடர்ந்து பல நாள் இரவு நீண்டால்தான் மொட்டு. வீட்டுக்குள் விளக்கில் வளர்ப்பவர்கள் 18 மணி வெளிச்சத்தில் வளர்த்து, 12 மணி வெளிச்சம் 12 மணி இருட்டு என்று மாற்றிப் பூக்க வைப்பது இதனால்தான்.

ஆட்டோ தன் வயதைப் பார்க்கும். முளைத்து மூன்று முதல் ஐந்து வாரத்தில், பகல் எவ்வளவு நீண்டாலும் பூக்கத் தொடங்கிவிடும். விதை போட்டதிலிருந்து 70 முதல் 90 நாளில் கதை முடிந்துவிடும். கோடையே சில வாரம்தான் நீடிக்கும் வடக்கத்திய குளிர்ப் பகுதிகளில் தானாக வளர்ந்த ருடெராலிஸ் என்ற குள்ளச் செடியிலிருந்து வந்த குணம் இது. அதற்கு 1924-ல் பெயர் வைத்தவர் ரஷ்யத் தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி. மற்ற எல்லா வேறுபாடும் இந்த ஒன்றிலிருந்து கிளைப்பதுதான்: ஃபோட்டோ நீங்கள் தயாராகும்வரை காத்திருக்கும், ஆட்டோ யாருக்காகவும் காத்திருக்காது.

வீட்ல வளக்குறது இப்ப சட்டப்படி சரிதானா? போலீஸ் வந்தா?

2018 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், பெரியவர் ஒருவர் தனியிடத்தில் தன் சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வளர்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து வந்த தனி உபயோகக் கஞ்சாச் சட்டத்தில் ஜனாதிபதி ராமபோசா 2024 மே 28 அன்று கையெழுத்திட்டார். ஒருவர் எத்தனை செடி, எவ்வளவு கிராம் வைத்திருக்கலாம் என்ற எண்ணிக்கையை அந்தச் சட்டம் அமைச்சரின் ஒழுங்குவிதிகளுக்கு விட்டிருக்கிறது. விதை ஊறவைக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பது குற்றம்தான். தெரிந்தவருக்கு ‘சும்மா பெட்ரோல் காசுக்கு’ கொடுப்பதும் விற்பனையே. பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைப்பது, போதையில் வண்டி ஓட்டுவது இரண்டுக்கும் விலக்கு கிடையாது. இதற்கிடையில் ஒரு பழைய கதை. இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்து பத்தே ஆண்டில், 1870-ல், நேட்டால் அரசு போட்ட சட்டம் ஒன்று ‘கூலிகள்’ கஞ்சா புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்றது. இந்த நாட்டுக் கஞ்சாத் தடையின் தொடக்கத்தில் நிற்பது நம்முடைய முன்னோரின் பெயர்தான்.

மொதல் தடவை வளக்குறேன். ஆட்டோதான் ஈசின்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மையா?

பாதி உண்மை. டைமர் வேண்டாம், இருட்டு வேண்டாம், மூன்று மாதத்தில் முடியும், இடுப்பு உயரத்தைத் தாண்டாது. அந்த வகையில் சுலபம். ஆனால் முதல் தடவை வளர்ப்பவர் செய்யும் தவறுகள் எல்லாம் முதல் மாதத்தில்தான் நடக்கும்: அதிகத் தண்ணீர், சூடான எரு, சிறிய தொட்டி. ஆட்டோவுக்கு வளர்ச்சிக் காலமே அந்த ஒரு மாதம்தான். ஒரு வாரம் சுணங்கினால் வளர்ச்சியில் கால் பங்கு போய்விட்டது. ஃபோட்டோ ஒரு மாதம் முடங்கினாலும் பிறகு தேறி, ஒன்றுமே நடக்காததுபோல் வளரும்.

இதுவரை மிளகாய், கத்தரி, தக்காளி என்று தொட்டியில் எதையாவது ஒழுங்காகக் காய்க்க வைத்தவர் என்றால் ஆட்டோவில் தொடங்கலாம். தொட்டிச் செடியே புதிது என்றால், வெளியில் ஒரே ஒரு ஃபோட்டோ செடி வைத்துக் கற்றுக்கொள்வது நல்லது. கடைக்காரர்கள் சொல்வதற்கு இது நேர்மாறு என்பது தெரியும்.

டர்பன்ல எந்த மாசம் விதைக்கணும்? ஆடிப் பட்டம்னு சொல்லுவாங்களே?

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. இங்கே ஆடி என்பது குளிரும் வறட்சியும், பகல் பத்தரை மணி நேரத்துக்குப் பக்கத்தில். டர்பனில் மிக நீண்ட பகல் டிசம்பர் 21 வாக்கில், ஏறக்குறைய 14 மணி. மிகக் குறுகிய பகல் ஜூன் 21 வாக்கில், 10 மணிக்குச் சற்று மேல். பகல் 13 மணியைத் தொடுவது அக்டோபர் மூன்றாம் வாரம் கழிந்து. மறுபடி அதற்குக் கீழே இறங்குவது பிப்ரவரி 20 ஒட்டி. ஃபோட்டோ இலையும் கிளையும் விடுவது பெரும்பாலும் இவற்றுக்கு நடுவில்தான், அதனால் இந்த இரண்டு தேதிகளை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

ஃபோட்டோவுக்கு நினைவில் நிற்கிற கணக்கு: புரட்டாசி விரதம் முடிந்த பிறகே செடியை வெளியே வையுங்கள். தீபாவளியை ஒட்டி நட்ட செடி டிசம்பர், ஜனவரி முழுக்கக் கிளை பரப்பும். தைப்பூசக் காவடி வரும் நாட்களில் குட்டையான அகல இலை வகைகள் மொட்டுக்குத் திரும்பும். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் கூடும்போது அவை அறுவடைக்குப் பக்கத்தில் இருக்கும். உயரமான, ஒல்லி இலை சடைவா வகைகள் சித்திரை முழுக்கப் பூத்து மே மாதம்வரை இழுக்கும். உங்கள் சுவர் உயரம் குறைவு என்றால் விதைப்பதைத் தள்ளிப்போடுங்கள். ஜனவரி முதல் வாரம் விதைத்த ஃபோட்டோ பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்று பூக்கும். உயரத்தைக் கட்டுப்படுத்த இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆட்டோவை ஆண்டு முழுக்க விதைக்கலாம், ஆனால் எல்லா மாதமும் சமமில்லை. மிகச் சிறந்த பட்டம் ஆகஸ்ட் நடு. குளிர் விலகுகிற நேரத்தில் முளைத்து, பகல் நீள நீள வளர்ந்து, கோடை மழை வலுக்கும் முன் நவம்பர் தொடக்கத்தில் முடிந்துவிடும். ஜூனில் விதைத்தால் வெயில் நேரம் குறைவு, செடி சின்னது. ஆனால் காற்று வறண்டிருப்பதால் பூ அழுகுவது அரிது. டிசம்பரில் விதைப்பதுதான் மோசம்: பூ தடித்து நிற்கும் நேரம் பிப்ரவரி மழையும் புழுக்கமும்.

நான் ஜோபர்க்ல இருக்கேன், தங்கச்சி கேப் டவுன்ல. இதே தேதிதானா?

தேதியில் பெரிய மாற்றமில்லை, ஆபத்துகள்தான் வேறு. ஜோகன்னஸ்பர்க்கில் பகல் நீளம் டிசம்பரிலும் 14 மணியை எட்டாது, அதனால் ஃபோட்டோ சில நாள் முன்னதாகவே பூக்கத் திரும்பும். மேட்டுநிலத்தில் கோடைப் பிற்பகலில் ஆலங்கட்டி மழை கிளையை முறித்துவிடும், செடிக்கு மேலே 40 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மே மாதம் உறைபனி வந்துவிடும் என்பதால் நீளமாக இழுக்கும் சடைவா வேண்டாம். குளிர்காலத்தில் வெளியே ஆட்டோவும் வேண்டாம்.

கேப் டவுனில் கோடை வறண்டது, அதுவே பெரிய வரம். அங்கே எதிரி தென்கிழக்குக் காற்று. தொட்டிக்கு மூன்று கொம்பு நட்டுக் கட்டவேண்டும். குளிர்கால மழை தொடங்கும் முன், ஏப்ரல் கடைசிக்குள் அறுத்துவிடக்கூடிய ஃபோட்டோ வகையாகப் பாருங்கள்.

எங்க வீட்டு வாசல்ல ரோட்டு லைட்டு ராத்திரி பூரா எரியுது. ஃபோட்டோ பூக்குமா?

வெளிச்சம் செடிமேல் நேராக விழுந்தால் சந்தேகம்தான். அந்தப் பக்கத்துக் கிளைகள் பூக்காமல் இலையாகவே நிற்கும், அல்லது பெண் பூவுக்குள் ஆண் மகரந்தப் பை வந்து விதை பிடித்துவிடும். சோதனை எளிது. இரவு ஒன்பது மணிக்குச் செடி நிற்கிற இடத்தில் நின்று செய்தித்தாளின் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடிந்தால் அந்த இடம் ஃபோட்டோவுக்கு ஆகாது. நிலா வெளிச்சத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

தொட்டியைச் சுவரின் நிழல் பக்கம் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். ஆளைக் கண்டதும் எரியும் பாதுகாப்பு விளக்கைத் திருப்பி வையுங்கள். இரண்டும் முடியாதென்றால் பேச்சே இல்லை, ஆட்டோதான். அதற்கு ரோட்டு விளக்கு ஒரு பொருட்டே இல்லை.

எத்தனை லிட்டர் தொட்டி? மொதல்ல கப்புல போட்டு அப்புறம் மாத்தலாமா?

ஃபோட்டோவைத் தாராளமாக மாற்றலாம், மாற்றவும் வேண்டும்: ஒரு லிட்டர், பிறகு ஐந்து லிட்டர், கடைசியில் வெளியே 30 முதல் 50 லிட்டர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாலைந்து நாள் அதிர்ச்சி இருக்கும், செடிக்கு அது தாங்கும்.

ஆட்டோவுக்கு நேரே கடைசித் தொட்டியில் விதை. 11 முதல் 15 லிட்டர் போதும். அடியில் எட்டுப் பத்துத் துளை போட்ட 20 லிட்டர் பெயின்ட் வாளியும் சரி, நன்றாகக் கழுவியிருந்தால். பெரிய தொட்டியில் சின்ன முளைக்கு வருகிற சிக்கல் தண்ணீர். வாளி முழுக்க நனைத்தால் வேர் மூச்சு முட்டும். முதல் பத்து நாள் முளையைச் சுற்றி ஒரு கை அகல வட்டத்தில் 100 முதல் 150 மில்லி மட்டும் ஊற்றுங்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் அடுத்த தண்ணீர்.

மண் கலவை: நல்ல தொட்டி மண் 5 பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல் துகள்) 3 பங்கு, மண்புழு உரம் 2 பங்கு. டர்பனின் பெரியா (Berea) மேட்டுச் சிவப்பு மணல் வீட்டைச் சுற்றி இலவசமாகக் கிடைக்கிறது என்று அதையே நிரப்புகிறவர்கள் உண்டு. தண்ணீர் நன்றாக வடியும், ஆனால் சத்து மிகக் குறைவு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள். கோழி எரு ஆட்டோவுக்கு வேண்டவே வேண்டாம். இலை நுனி கருகி, கீழ்நோக்கிக் கொக்கிபோல் வளைந்துவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து புட்டியில் எழுதியிருக்கும் உர அளவில் கால் பங்கு, பூவில் அதிகபட்சம் அரைப் பங்கு. தண்ணீரின் பி.எச். (புளிப்பு-கார அளவு) 6-க்கும் 6.8-க்கும் நடுவில் இருக்கட்டும்.

ஆட்டோ நுனியைக் கிள்ளலாமா? கிள்ளுனா நெறைய கிளை வருமே?

ஃபோட்டோவில் கிள்ளுங்கள். ஐந்தாவது கணுவுக்கு மேலே கிள்ளினால் இரண்டு தலை, இரண்டு வாரம் கழித்து மறுபடி கிள்ளினால் நான்கு. ஆட்டோவில் கிள்ளினால் அது ஆறுவதற்குள் பூக்கும் வயது வந்துவிடும். அதற்குப் பதில் வளைத்துக் கட்டுங்கள்: நாலு கணு வந்ததும், ஏறக்குறைய 18-ஆம் நாள், தண்டைச் சாயங்கால நேரத்தில் மெதுவாகச் சாய்த்து, துணிச் சுருளாலோ உறை போட்ட கம்பியாலோ தொட்டி விளிம்பில் கட்டுங்கள். காலையில் தண்டு விறைப்பாக இருக்கும், முறியும். உள்ளே இருக்கிற பக்கக் கிளைகளுக்கு வெயில் கிடைத்தால் அவையே தலைகள் ஆகிவிடும்.

ரூம்ல டென்ட் போட்டு வளத்தா எதுக்கு கரண்ட் பில் ஜாஸ்தி?

ஏறக்குறைய ஒன்றுதான், கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியம். டென்ட்டுக்குள், அதாவது செடி வளர்க்கும் மூடிய துணிக் கூடாரத்துக்குள், 200 வாட் எல்.இ.டி. விளக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோவுக்கு நாளுக்கு 18 மணி வீதம் 80 நாள்: 288 யூனிட். ஃபோட்டோவுக்கு ஐந்து வாரம் 18 மணி வீதம் 126 யூனிட், ஒன்பது வாரம் 12 மணி வீதம் சுமார் 151 யூனிட், ஆக 277. மின்விசிறி தனி. நாள் கணக்கில் ஆட்டோ இரண்டு வாரம் மிச்சம், யூனிட்டில் மிச்சமில்லை. அதே இடத்தில் அதே யூனிட்டுக்கு ஃபோட்டோ பெரும்பாலும் கூடுதலாகத் தரும்.

லோட்ஷெடிங் வந்தா பூக்குற செடி கெட்டுப் போகுமா?

விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் இரண்டு மணி நேரம் அணைந்தால் கொஞ்சம் வளர்ச்சி நஷ்டம், அவ்வளவுதான். இருட்டு நேரத்தில் கரண்ட் போனால் செடிக்குத் தெரியவே தெரியாது. தொல்லை தருவது சுற்றிவிடும் பழைய மெக்கானிக்கல் டைமர். கரண்ட் போனால் அதன் கடிகாரமும் நிற்கும். இரண்டு தடவை இரண்டு மணி நேரம் போனால் டைமர் நாலு மணி பின்தங்கும். காலை 7 முதல் மாலை 7 என்று வைத்த விளக்கு, இப்போது 11 முதல் இரவு 11. மூடிய டென்ட்டுக்குள் அதுவும் பரவாயில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு, விளக்கு எரிந்திருக்கும் என்ற நினைப்பில் ஜிப்பைத் திறப்பீர்கள். செடிக்கு அது நள்ளிரவு.

இதைவிடப் பெரிய தவறு டைமரைத் திருத்தும்போது நடக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போது வட்டை நாலு மணி முன்னே திருப்பினால் அந்த இரவு எட்டு மணியாகச் சுருங்கிவிடும். ஒரு தடவை என்றால் செடி மன்னிக்கும், வாரம் மூன்று தடவை என்றால் ரோட்டு விளக்கு கேள்வியில் சொன்ன மகரந்தப் பை கதைதான். விளக்கு எரியத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் மட்டும் திருத்துங்கள், குறைவது வெளிச்சம்தான், இரவு குறையாது. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. ஆட்டோக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

ரெண்டையும் ஒரே டென்ட்ல வைக்கலாமா?

18 மணி வெளிச்சத்தில் வைத்தால் ஆட்டோ முடியும்வரை ஃபோட்டோ இலை விட்டுக்கொண்டே போய் டென்ட்டை அடைத்துக்கொள்ளும். 12 மணியில் வைத்தால் இரண்டும் பூக்கும், ஆனால் ஆட்டோவுக்கு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் நஷ்டம், அந்த அளவுக்குச் சின்னதாகும். ஆட்டோவை முதலில் விதைத்து, அது ஐம்பது நாள் ஆனபோது ஃபோட்டோ விதை போட்டால், ஆட்டோ வெளியேறுகிற வாரம் ஃபோட்டோ பூவுக்குத் திருப்பத் தயாராக இருக்கும். வெளியில் என்றால் இந்தக் கவலை இல்லை, பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

நல்லா வந்த ஆட்டோவுல கட்டிங் எடுத்து மறுபடி நடலாமா?

எடுக்கலாம், பயன் இல்லை. குச்சிக்கும் தாய்ச் செடியின் வயதுதான். வேர் பிடிக்க இரண்டு வாரம், அதற்குள் பூ வந்துவிடும், கையளவு செடியில் ஒரு சிட்டிகைப் பூ. ஃபோட்டோவில் இது பொன். பிடித்த செடியில் குச்சி எடுத்து 18 மணி வெளிச்சத்தில் தாயாக வைத்தால் வருஷக்கணக்கில் அதே செடி, விதைச் செலவே இல்லை. ஆட்டோவுக்கு ஒவ்வொரு தடவையும் விதை வேண்டும்.

என் ஆட்டோ ஒரு சாண் உயரத்துலயே பூத்துடுச்சு. என்ன செய்யறது?

பூப்பதை நிறுத்த முடியாது. விளக்கை 24 மணி எரியவிட்டாலும், உரத்தைக் கொட்டினாலும் நிற்காது. கூடுதல் தழைச்சத்து பூவைக் கெடுக்கத்தான் செய்யும். தொட்டி கேள்வியில் சொன்ன அரைப் பங்கு உரத்தோடு முடியவிடுங்கள். பூக்கத் தொடங்கிய பின்னும் இரண்டு மூன்று வாரம் நீண்டு, உயரம் இரட்டிப்பதும் உண்டு.

காரணத்தைத் தேடினால் பெரும்பாலும் நாலில் ஒன்று: கப்பில் வேர் சுற்றிக்கொண்ட பிறகு மாற்றியது, முதல் இரண்டு வாரம் சொதசொதவென்று தண்ணீர், இரவுக் குளிர் 12 டிகிரிக்குக் கீழே, அல்லது காரமான எரு. இந்த நாலும் இல்லையென்றால் அந்த விதையின் ராசி அவ்வளவுதான்.

ஃபோட்டோவை செப்டம்பர்லயே வெளிய வச்சேன். மொட்டு விட்டுச்சு, இப்ப ஒத்தை இலையா கோணல்மாணலா வருது. நோயா?

நோய் இல்லை, குழப்பம். வீட்டுக்குள் 18 மணி வெளிச்சத்தில் வளர்ந்த நாற்றை, பகல் பன்னிரண்டு மணிகூட இல்லாத செப்டம்பர் தொடக்கத்தில் வெளியே வைத்ததும், இலையுதிர்காலம் வந்துவிட்டது என்று நினைத்து மொட்டு விட்டது. அக்டோபரில் பகல் நீண்டதும் மறுபடி வளர்ச்சிக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில்தான் விரல் இல்லாத ஒற்றை இலைகளும் முறுக்கிய தண்டும். மூன்று நாலு வாரத்தில் ஐந்து விரல் இலை திரும்பும். ஒன்றையும் கிள்ளாமல் விடுங்கள். நெருக்கமாக மண்டிய குச்சிக் கிளைகளைப் பிறகு பாதியாகக் குறைக்கலாம்.

முன்கூட்டியே வைக்கத்தான் வேண்டும் என்றால், செடிக்கு ஒரு மீட்டர் மேலே 10 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை, பொழுது சாய்வதிலிருந்து இரவு 9 மணிவரை, அக்டோபர் கடைசிவரை எரியவிடுங்கள். மழை படாத ஹோல்டராக இருக்கட்டும்.

ஆட்டோவையும் ஃபோட்டோவையும் சேத்து விதை எடுத்தேன். அந்த விதை தானா பூக்கலியே, ஏமாத்திட்டாங்களா?

யாரும் ஏமாற்றவில்லை. தானாகப் பூக்கும் குணம் ஒடுங்கு குணம். அப்பா அம்மா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். முதல் தலைமுறை ஏறக்குறைய முழுக்க ஃபோட்டோவாகத்தான் நடந்துகொள்ளும், சிலது கொஞ்சம் சீக்கிரம் பூக்கலாம். அந்த முதல் தலைமுறையை ஒன்றோடொன்று சேர்த்தால் இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒன்று ஆட்டோ. அதைத் தேர்ந்தெடுத்து மேலே போகவேண்டும். பெயர் தெரியாத பையில் வந்த ‘ஆட்டோ’ ஜனவரியிலும் பூக்காமல் நின்றால் இதுதான் விஷயம். அதை ஃபோட்டோ என்றே நினைத்து, பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம்: ஃபெமினைஸ்டு (feminised) என்பது பெண் விதை, ஆட்டோ என்பது பூக்கும் விதம். இரண்டும் வேறு வேறு. ரெகுலர் விதையில் பாதி ஆண். நாலாம் வாரம் முதல் கணுவிடுக்கில் பாருங்கள்: இரண்டு வெள்ளை மயிர் நீட்டினால் பெண், காம்போடு சின்ன உருண்டை தொங்கினால் ஆண். உருண்டை வெடிக்கும் முன் பிடுங்கிவிடுங்கள்.

டர்பன் பாய்சன் ஆட்டோன்னு விக்கிறாங்களே, அது நம்ம டர்பன் பாய்சன்தானா?

உண்மையான டர்பன் பாய்சன் இந்தக் கரையோர நாட்டுச் சடைவா, சுத்த ஃபோட்டோ. ஆட்டோ என்று பெயர் ஒட்டியிருந்தால் அதில் ருடெராலிஸ் வழிச் செடி ஒன்று கலந்திருக்கிறது என்று அர்த்தம். மணம் கொஞ்சம் ஒத்துப்போகலாம். நாட்டுச் செடியின் பெரிய பலம் இந்தக் காற்றுக்குப் பழகியது: பூ நெருக்கமாக உருளாமல் விலகி நீளமாக நிற்பதால் காற்று ஊடாடும், அழுகல் குறைவு. வெளியில், இருட்டான தோட்டமும் உயரத்துக்கு இடமும் இருந்தால் அதைத்தான் வைக்கவேண்டும். பாக்கெட்டில் கவர்ச்சியாக இருக்கிற, கல்போல் இறுகிய பூ விடும் வகைகள் கடலோரப் பிப்ரவரிக்குச் செய்தவை இல்லை.

பூ நல்லா தடிச்சு வந்துச்சு, உள்ள பாத்தா சாம்பலா அழுகியிருக்கு. ஏன்?

சாம்பல் பூஞ்சை. பல தடவை அதற்குக் கதவைத் திறந்துவிடுவது புழு. அந்துப்பூச்சி பூவில் முட்டையிடும், பச்சைப்புழு உள்ளே குடைந்து எச்சமிடும், அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெளியே முதல் அறிகுறி: பச்சையான பூவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் வாடிப் பழுத்திருக்கும். அதை மெல்ல இழுங்கள். கையோடு வந்துவிட்டால் உள்ளே அழுகல்தான். அந்த இடத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை நல்ல பாகத்தோடு சேர்த்து வெட்டி, பையில் போட்டு வெளியேற்றுங்கள். ‘அழுகலை எடுத்துவிட்டு மிச்சத்தைக் காயவைக்கலாம்’ என்பது வேண்டாம், பூஞ்சை நுரையீரலுக்குப் போகும்.

பூ தொடங்கும் வாரத்திலிருந்து வாரம் ஒரு தடவை, சாயங்காலத்தில், பி.டி. பாக்டீரியா மருந்து தெளித்தால் புழு அடங்கும். வெயிலில் அது வீரியம் இழக்கும், மழை பெய்தால் மறுபடி தெளிக்கவேண்டும். வேப்பெண்ணெய் பூவில்லாத காலத்துக்கு மட்டும், பூவில் தெளித்தால் கசப்பு போகவே போகாது. மழைக்குப் பிறகு செடியைப் பிடித்து ஒரு உலுக்கு. ஆட்டோவில் இந்தத் தொல்லையைத் தேதியாலேயே தவிர்க்கலாம், மேலே சொன்ன ஆகஸ்ட் பட்டம் அதற்குத்தான்.

பாக்கெட்ல 65 நாள்னு போட்டிருக்கு. 65-ஆம் நாள் அறுத்துடலாமா?

அந்த எண் விளம்பரத்துக்கு. இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 மடங்கு காட்டும் கைலென்ஸில் பூவின் மேல் இருக்கும் பிசின் உருண்டைகளைப் பாருங்கள்: கண்ணாடிபோல் இருந்தால் பிஞ்சு, பால்போல் கலங்கினால் சரி, பத்தில் ஒன்றிரண்டு தேன் நிறமானால் அறுக்கலாம். இலையில் இருப்பவை முன்னதாகவே பழுக்கும், அவற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

காயவைக்க 18 முதல் 20 டிகிரி, 55 முதல் 60 சதவீத ஈரப்பதம், இருட்டு, ஏழு முதல் பத்து நாள். டர்பன் மார்ச்சில் வெறும் அறையில் இது நடக்காது. ஏ.சி.யை டிரை முறையில் போடுங்கள், அல்லது ஈரம் உறிஞ்சும் கருவி. சின்னக் காம்பு வளையாமல் ‘டிக்’ என்று ஒடிந்தால் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றலாம். உள்ளே ஒரு சின்ன ஈரமானி போட்டு, 65-க்கு மேல் காட்டினால் வெளியே எடுத்துப் பரப்புங்கள்.

ஆட்டோல வீரியம் கம்மியாமே?

2000-களின் தொடக்கத்தில் லோரைடர் என்ற ஆரம்பகால ஆட்டோ ரகம் வந்த காலத்தில் உண்மை. இப்போதைய நல்ல ஆட்டோக்கள் ஃபோட்டோவுக்கு அருகில் வந்துவிட்டன. குறைவது அளவுதான்: வெளியே 15 லிட்டர் வாளியில் காய்ந்த பூ 30 முதல் 80 கிராம் என்பது யதார்த்தம். 50 லிட்டரில் நல்ல ஃபோட்டோ 150-க்கு மேல் தரும், இடமும் வெயிலும் இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கும்.

ரெண்டு மூணு செடிக்கு மேல வேணாம்னு நெனைக்கிறேன், காம்ப்ளெக்ஸ்ல இருக்கேன். எது எடுக்கட்டும்?

செடி எண்ணிக்கைதான் உங்கள் வரம்பு என்றால் ஒரு செடிக்கு அதிகம் தருவது ஃபோட்டோ. ஆனால் காம்ப்ளெக்ஸில் வரம்பு எண்ணிக்கை இல்லை, மணமும் பார்வையும். ஃபோட்டோ கடைசி ஆறு வாரம் மாடிக்கு மாடி மணக்கும். பால்கனியில் தலை நீட்டினால் தனியிடம் என்ற வாதமும் பலவீனமாகும், திருட்டும் வரும். ஆட்டோவும் மணக்கும், மூன்று நாலு வாரம்தான், கைப்பிடிச் சுவருக்குக் கீழேயே நிற்கும். வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தையும், சொந்த ஃபிளாட் என்றால் பாடி கார்ப்பரேட் (ஃபிளாட் உரிமையாளர் சங்கம்) விதியையும் முதலில் படியுங்கள்.

வீட்டில் பிள்ளையோ நாயோ இருந்தால் பூட்டக்கூடிய டென்ட், மணத்தை உறிஞ்சும் கார்பன் ஃபில்டர், 18 மணி விளக்கு, இரண்டு ஆட்டோ. உதிர்ந்த இலையையும் வெட்டிய காம்பையும் திறந்த குப்பைக் கூடையில் போடாதீர்கள். நாய் தின்றால் தள்ளாடும், சிறுநீர் கட்டுப்படாது. உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோய், என்ன தின்றது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.